அரபிகா தண்டில் போரர்: மருந்து ஏற்றினால் செடி பிழைக்குமா?

பண்ணைக்காட்டுக்காரன்:
வணக்கம். கீழ்ப்பழனி மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபி, எல்லாம் அரபிகா, அப்பா நட்டு எட்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் மேற்குச் சரிவில் இருந்த சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றோம், அதிலிருந்து அங்கே நல்ல வெயில். இப்போது அதே சரிவில் நாற்பது செடி வரை இலை மஞ்சளாகி வாடி நிற்கிறது. உரம் பற்றவில்லையோ என்று நினைத்தேன், ஆனால் தண்டைத் தடவினால் பட்டைக்கடியில் நரம்பு புடைத்த மாதிரி மேடு தட்டுப்படுகிறது. மருந்துக் கடையில், தண்டில் ஓட்டை போட்டு ஊசியால் ஏற்றச் சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். காயோடு நிற்கிற செடியைப் பிடுங்க மனசு வரவில்லை. ஏற்றிப் பார்க்கலாமா?

ஏற்காடு காபி:
வேண்டாம் தம்பி, காசுதான் போகும். அந்த மேடுதான் வெள்ளைத் தண்டுத் துளைப்பானின், அதாவது தண்டைக் குடையும் போரர் வண்டுப் புழுவின் அடையாளம். வாடின செடி ஒன்றை அறுத்து நெடுக்கில் பிளந்து பாருங்கள், புழு தின்றுகொண்டே போன வழி முழுக்கத் தன் கழிவாலேயே இறுக அடைத்திருக்கும், விரல் நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. அதற்குள் மருந்து எப்படி ஓடும்? கம்பி விட்டுக் குத்துவதும் இதே கதைதான். ஆனால் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. துளை வேருக்குள் இறங்கவில்லை என்றால் துளை முடிகிற இடத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அடித்தண்டில் தளிர்த்து வரும். வேரில் இறங்கியதை மட்டும் பிடுங்குங்கள். செப்டம்பர் முடிவதற்குள் செய்தாக வேண்டும், ஏனென்றால் வண்டு வெளியே பறப்பது ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வெட்டிய தண்டை அன்றைக்கே எரித்துவிடுங்கள். விறகுக்காக அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டு கிளம்பி நல்ல செடிக்குப் போகும், எங்கள் தோட்டத்தில் ஒரு வருஷம் அப்படித்தான் பக்கத்துப் பாத்தி முழுக்கப் போனது.

குடகு எஸ்டேட்:
அண்ணன் சொன்னது சரி. நான் சொல்ல வருவது நிழலைப் பற்றி. இந்த வண்டுக்கு வெயில்தான் பிடிக்கும், வெயில் படும் தண்டிலும் பருத்த கிளையிலும் பட்டை வெடிப்புக்குள் முட்டை வைக்கும். மரம் வெட்டிய சரிவில் மட்டும் வந்ததற்குக் காரணம் அதுதான். உடனே நிழல் வர முள்முருங்கைப் போத்து ஊன்றுங்கள், சில்வர் ஓக் பிறகு வளரட்டும். நன்றாக இருக்கிற செடிகளில் காய்ந்த பட்டையைத் தேங்காய் நார்க் கையுறையால் தேய்த்து எடுத்துவிட்டால் முட்டை வைக்க இடுக்கு இருக்காது. காபி வாரியம் சொல்கிற 10 சதவீதச் சுண்ணாம்பும் அடிக்கலாம், 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ, மழையில் கழுவாமலிருக்க கொஞ்சம் பசை சேர்த்து, தண்டிலும் பருத்த கிளையிலும் படும்படி. இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு, ஆண் வண்டின் வாசத்துக்குப் பெண் வண்டு வந்து விழும், ஆனால் அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

பண்ணைக்காட்டுக்காரன்:
ரொம்ப நன்றி. மதியமே ஒன்றைப் பிளந்து பார்த்தேன், சொன்ன மாதிரியே உள்ளே மரத்தூள் இறுகிப்போய், கடைசியில் வெளிர் மஞ்சளாகப் புழு. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு இரண்டு ஆள் வருகிறார்கள், மஞ்சளானது மட்டுமில்லை, அந்தச் சரிவில் ஒவ்வொரு செடியையும் தடவிப் பார்த்து அடையாளம் கட்டப் போகிறோம். ஒரு சந்தேகம், வெட்டின அடித்தண்டில் எத்தனை தளிரை விட வேண்டும்?

ஏற்காடு காபி:
முதலில் எல்லாம் வரட்டும். அப்புறம் நல்ல பலமான ஒன்றை, அதிகம் போனால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.