செம்பூர், தானே சொந்தங்கள்

ராஜு சித்தப்பா: அண்ணன் இன்னும் ஐசியூவில்தான். ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது. ராத்திரிக்கு யார்?

குமார் அத்தான்: நான் வரப் பத்து மணி தாண்டும்

தங்கம் அத்தை: ஏசி ரயில் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். வீட்டில் இருக்கிறவர்களாவது கவனித்திருந்தால்

கோமதி பெரியம்மா: எனக்கும் அதே ஃப்ளூதான் தங்கம். அதே கஞ்சி, அதே மாத்திரை.

ராஜு சித்தப்பா: அக்கா, ஆரம்பிக்காதே

ரம்யா: அத்தை, பெரியம்மா, பொறுமையாகப் படியுங்கள். வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை விடும், அது போய்ச் சேர்ந்ததும் பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். சிலர் உடம்பில் அந்த இன்டர்ஃபெரானையே முடக்குகிற ஆன்டிபாடி, அதாவது ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதம், முன்பே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, மோசமான வைரஸ் வரும்போதுதான் வினை. 2020இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்து கஸனோவா குழு பார்த்தபோது, உயிருக்கே ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரில் 101 பேருக்கு இது இருந்தது, அதில் 95 பேர் ஆண்கள். லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. எழுபது தாண்டினால் கூடுகிறது. கடும் ஃப்ளூ நிமோனியாவிலும் பிறகு சிலருக்குக் கண்டுபிடித்தார்கள். பெரியப்பாவுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, டெஸ்ட் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வீட்டில் ஒருவர் எழுந்து நடமாடுவதும் இன்னொருவர் ஐசியூவுக்குப் போவதும் கவனிப்பை மட்டும் பொறுத்ததில்லை. பெரியம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.

முத்து: குர்லாவில் படிக்க ஆரம்பித்தேன் அக்கா, தாதர் வந்துவிட்டது

கோமதி பெரியம்மா: நல்லா இரு ரம்யா

தங்கம் அத்தை: நான் யாரைச் சொன்னேன்? அந்த டெஸ்ட் எங்கே எடுப்பது?

ரம்யா: சாதாரண லேபில் கிடையாது. சித்தப்பா, நாளை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆன்டிபாடியைக் குறைக்க, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றிச் சிலருக்குப் பார்த்திருக்கிறார்கள், அது அவர் முடிவு, நாம் நச்சரிக்க வேண்டாம்.

குமார் அத்தான்: அம்மா டிசம்பரில் நைரோபி போகிறாளே, மஞ்சள் காய்ச்சல் ஊசி?

ரம்யா: அது உயிருள்ள வைரஸ் ஊசி அத்தான்! அதைப் போட்ட பிறகு உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 8 பேரைச் சோதித்ததில் 3 பேருக்கு இதே ஆன்டிபாடி, 2021இல் வந்த ஆய்வு. அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது, டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. ஃப்ளூவுக்குக் கையில் போடுகிற ஊசி வேறு, அது செத்த வைரஸ், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கம் அத்தை: டிக்கெட் எடுத்தாச்சே

தங்கம் அத்தை: தென்காசி வீட்டுப் பத்திரம் வெள்ளிக்கிழமை என்றிருந்தோம், அது?

ராஜு சித்தப்பா: இப்போதா அக்கா?

முத்து: பெரியப்பா கையெழுத்து இல்லாமல் எப்படி

ராஜு சித்தப்பா: நைரோபி, பத்திரம் எல்லாம் அப்புறம். ராத்திரி யார் என்று கேட்டேன்

குமார் அத்தான்: முத்து பத்து வரை இருக்கட்டும், நான் வந்து மாற்றுகிறேன்

முத்து: நாளை எனக்குப் பரீட்சை. ஒன்பது வரை இருக்கிறேன்

ராஜு சித்தப்பா: அந்த ஒரு மணி நேரம்?

தங்கம் அத்தை: நான் வருகிறேன். மதினி, நீங்கள் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்கள்

கோமதி பெரியம்மா: பார்க்கலாம்