ஜல்லிக்கட்டுக்கு ஓகே, ஸ்டெர்லைட்டுக்கு நாட் ஓகே: ஐ.டி. ஆபீஸ் அனுபவம்

ஐ.டி. ஆபீஸில் அரசியல் பேசினால் என்ன நடக்கிறது என்று பலர் எழுதியதைப் படித்ததும் எனக்கு நடந்ததையும் சொல்லத் தோன்றியது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக எங்கள் கட்டட வாசலில் கழுத்தில் ஐ.டி. கார்டோடு பதாகை பிடித்து நின்றோம். மேனேஜர்களும் வந்து நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வருடம் மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள். அன்றும் அடுத்த நாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மே 23 அன்று தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். வீட்டுக்கு ஃபோன் போனது. ஆனால் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. தெருவில் என்ன நடக்கிறது என்று ஒரு படம்கூட வரவில்லை.

கேன்டீனில் எங்கள் டீம் ஆர்க்கிடெக்ட் சொன்னார்: "நெட்டை நிறுத்துனது சரிதாம்ப்பா. வதந்தி பரவக்கூடாதுல்ல."

"வதந்தியை மறுக்கவும் நெட் வேணுமே அண்ணா?"

"ஒரு நோட் கெட்டுப்போனா ஐசொலேட் பண்றோம்ல? அது மாதிரிதான்." நோட் (node) என்றால் நெட்வொர்க்கில் இணைந்த ஒரு கணினி; கெட்டுப்போனால் மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்போம்.

சர்வர் கொஞ்சம் தடுமாறினாலே ராத்திரியில் எல்லாரையும் எழுப்புகிற மனிதர் அவர். மூன்று மாவட்டத்து ஜனங்கள் அவர் கண்ணுக்குக் கெட்டுப்போன நோட். எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் துறையில் இந்தப் புத்தி நிறையப் பேருக்கு இருக்கிறது; எல்லாவற்றுக்கும் அட்மின் ஒருவர் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

அந்த வாரமே ஹெச்.ஆர். கூப்பிட்டார்கள். போலீஸ் சுட்டதைக் கண்டித்து ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தேன். "புரொஃபைல்ல கம்பெனி பேர் இருக்கு. ஒண்ணு பதிவை எடுங்க, இல்ல பேரை எடுங்க." கம்பெனி பெயரை எடுத்தேன். பதிவு இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவில் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனம் 2021-இல் அலுவலகத் தளத்தில் அரசியல் பேசத் தடை போட்டபோது, ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். இங்கே இ.எம்.ஐ. கட்டுகிறவரால் அப்படிக் கிளம்ப முடியாது. அதனால்தான் ஹெச்.ஆர். அறையில் ஐந்து நிமிடப் பேச்சிலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. போராடியவர்கள் தூண்டாமலேயே போலீஸ் சுட்டது என்றது அறிக்கை. நான் எழுதியதும் அதைத்தான்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பதிவை எடுக்கச் சொன்னால் மெயிலில் எழுதிக் கேளுங்கள், எந்த விதிப்படி என்று. நான் அப்புறம் கேட்டு மெயில் போட்டேன். பதிலே வரவில்லை.