30 வருடப் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கும் ஹாக்கி கோல்கீப்பர்: போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, பழையபடியே ஆடிவிடலாமா?

வடவாறு (தஞ்சாவூர்):

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 44 வயது. 14 வயதில் பள்ளி ஹாக்கி அணியில் கோல்கீப்பர் நிற்க ஆளில்லை என்று என் காலில் பேட் கட்டிவிட்டார்கள். அப்புறம் கல்லூரி, வேலைக்குப் போன இடத்து அணி, இப்போது வெட்டரன்ஸ் (வயதில் மூத்தவர்கள் ஆடுவது) என்று முப்பது வருடமாக அதை அவிழ்க்கவே இல்லை. ஆறு மாதமாக ஒரு கோச்சிடம், எப்படி நிற்பது என்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறேன். பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று நடுவில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நான் எப்படி ஆடுகிறவன் என்று சொல்லிவிடுகிறேன். வளர்ந்தது முழுக்க மண் தரை. நம் பக்கத்துக் களிமண் உங்களுக்குத் தெரியும், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்பின் விளிம்பில் பட்டால் முழங்காலுக்கு வருகிற பந்து முகத்துக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். தை பிறந்தால் மைதானத்தில் பாதியில் நெல் காயும், மீதியில் நாங்கள். அந்தத் தரையில் பந்து எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் கோட்டிலேயே நின்று கடைசி நேரத்தில் உடம்பைக் குறுக்கே போட்டுவிடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வித்தை. பெனால்டி கார்னர் (நம் பக்கத் தவறுக்காக எதிரணிக்குக் கோல் அருகே கிடைக்கிற வாய்ப்பு) என்றால் கேட்கவே வேண்டாம், ஓடி வந்து பக்கவாட்டில் மரக்கட்டை மாதிரி படுத்துவிடு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால் பந்து, கோலின் அடியில் இருக்கிற 46 செ.மீ. பலகை உயரத்துக்குள்தான் கோலுக்குள் போக வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தை ஒரு ஆள் படுத்தே அடைத்துவிடலாம்.

டிராக் ஃபிளிக் வந்தபின் அந்தக் கணக்கு செத்துப்போய்விட்டது. ஸ்டிக்கால் இழுத்து எறிகிற பந்துக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது, நான் படுத்தால் மேலே ஒன்றரை மீட்டருக்கு மேல் காலியாக இருக்கிறது. வெட்டரன்ஸில்கூட இப்போது அணிக்கு ஒருவராவது ஃபிளிக் போடுகிறார்.

கோச் என்னைவிட 15 வயது சின்னவர். சார் என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார். முதல் நாள் போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். எதிராளியின் ஸ்டிக்கைவிட்டுப் பந்து கிளம்பும் முன்பே என் இடது முழங்கால் மடங்கியிருக்கிறது. “சார், நீங்க பந்தைப் பார்த்து விழல, பழக்கத்துல விழறீங்க” என்றார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, உண்மையாகவே.

அப்புறம் இரண்டு போஸ்ட்டிலும் கயிறு கட்டி, மறுமுனைகளைப் பந்து வைத்த இடத்தில் ஆணியடித்துக் காட்டினார். கோல் அகலம் 3.66 மீட்டர். பந்து நேர் எதிரே 10 மீட்டரில் இருக்கும்போது கோட்டில் நின்றால் அத்தனையும் என் பொறுப்பு. இரண்டு மீட்டர் முன்னால் வந்தால் கயிறுகளுக்கு நடுவே 2.93 மீட்டர்தான். ஏறக்குறைய முக்கால் மீட்டர் சும்மாவே மிச்சம். முப்பது வருடம் ஆடியவன் இதைக் கயிறு கட்டித்தான் தெரிந்துகொண்டேன் என்பதில் எனக்கே வெட்கம்.

இப்போது அவர் சொல்வது இவ்வளவுதான்: குதிகாலில் நிற்காதே, எடை முன்பாதத்தில் இருக்கட்டும், இரண்டு கையுறையும் ஹெல்மெட் கம்பி வழியே உன் கண்ணுக்குத் தெரியட்டும், ஷாட் கிளம்பும்போது நகராமல் நின்றிரு, விழுவதைக் கடைசிக்கு வை. பயிற்சியில் வருகிறது. ஆட்டத்தில் வரவில்லை. போன ஞாயிறு பயிற்சி ஆட்டத்தில் ஐந்து கோல், அதில் மூன்றை ஆறு மாதம் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தடுத்திருப்பேன். விழலாமா நிற்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறேன், அதற்குள் பலகையில் சத்தம் கேட்கிறது.

மூன்று வாரத்தில் கோவில்பட்டிப் பக்கம் டர்ஃபில் (செயற்கைப் புல் தரை) ஒரு வெட்டரன்ஸ் போட்டி. அது வரைக்கும் பழையபடி ஆடிவிட்டு, முடிந்தபின் புதியதைத் தொடரலாமா? கோச்சிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பொன்மலை ரைட் பேக்:

தம்பி, நான் கோல்கீப்பர் இல்லை, கோல்கீப்பருக்கு முன்னால் நின்று அடி வாங்கியவன். என் பங்குக்கு ஒன்று. உங்கள் ஐந்து கோலில் எத்தனை உங்களுடையது, எத்தனை உங்களுக்கு முன்னால் தடுக்க நிற்கிற பேக்குகளுடையது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் கோல்கீப்பர் கார்னரில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார் என்று எனக்குத் தெரியும், அவர் காலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற இடைவெளி என்னுடையது, அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம், வாயால் பேசிக்கொண்டதே இல்லை. கார்னரில் கோல் கோட்டுக்குப் பின்னால் அவரையும் சேர்த்து ஐந்து பேர்தானே நிற்க முடியும். அதில் ஒருவர் திடீரென்று படுக்காமல் நின்றால் மற்ற நான்கு பேரும் பழைய இடத்துக்கே ஓடுவார்கள். பந்து ரீபவுண்ட் ஆகிற இடமும் மாறிப்போகும். படுத்திருப்பவர் மேல் பட்ட பந்து அங்கேயே சுருண்டு கிடக்கும், நிற்பவர் பேடில் பட்டது டி-க்கு (கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டம்) வெளியே வரை தெறிக்கும். உங்கள் ஆட்களிடம் நீங்கள் மாறிக்கொண்டிருப்பதைச் சொன்னீர்களா, அல்லது அவர்களும் கோல் விழுந்தபின்தான் தெரிந்துகொள்கிறார்களா?

சொல்லவில்லை என்றால் இந்தப் போட்டிக்குப் பழையபடியே போங்கள் என்பேன். ஜெயிக்கத்தானே இவ்வளவு தூரம் ரயில் ஏறுகிறோம்.

மன்னை டு மிசிசாகா:

ஊர் மன்னார்குடி, பிழைப்பு கனடாவில். இங்கே வந்து 35 வயதில் ஐஸ் ஹாக்கி கோலில் நிற்க ஆரம்பித்த கிறுக்கன் நான், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் எங்களுக்கெல்லாம் ரிங்க் கிடைக்கும். போன வருடம் நானும் ஒரு கோச்சிடம் முதலிலிருந்து போனேன், ஆகவே உங்கள் வலி அப்படியே புரிகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. யூடியூபில் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்களைப் பார்த்து எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். உங்களுடையது 3.66-க்கு 2.14. பெருக்கிப் பாருங்கள், எங்களுடையது உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு, பேடுகளை இரண்டு பக்கமும் விரித்து உட்காருகிற பட்டர்ஃபிளை எங்களுக்குச் சரிப்படுகிறது. கிளென் ஹால் என்பவர் முன்பே செய்துகாட்டியதை, ஃபிரான்சுவா அலேர் என்கிற கோச்சோடு சேர்ந்து பாட்ரிக் ருவா 80-களின் பிற்பாதியில் ஊரெல்லாம் பரப்பினார். உங்கள் கோலில் அப்படி உட்கார்ந்தால் தலைக்கு மேலே வாசல் திறந்தே கிடக்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. டெவன் டப்னிக் என்று ஒரு ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். 2013-14 சீசனில் எட்மண்டன் அணியிலிருந்து நாஷ்வில், அங்கிருந்து மாண்ட்ரியல் என்று ஒரே வருடத்தில் கைமாறி, கடைசியில் கீழ் லீகில் ஆடிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் மாற்றிக்கொண்டதில் முக்கியமானது தலை. பந்து (எங்களுக்கு பக்) எங்கே போகிறதோ அங்கே முதலில் தலையும் கண்ணும் திரும்ப வேண்டும், தோளும் காலும் அதன் பின்னால்தான். ஹெட் டிராஜெக்டரி என்பார்கள். அடுத்த சீசனில் மினசோட்டாவுக்கு வந்து, சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையின் இறுதி மூவரில் ஒருவரானார், விடாமுயற்சிக்குக் கொடுக்கிற மாஸ்டர்டன் கோப்பையையும் வாங்கினார். கை கால் அதேதான், 28 வயதில் புதிதாக வளரவில்லை.

என் கோச் என்னைச் செய்யவைத்ததைச் சொல்கிறேன். ஒரு மாதம் ஷாட்டே கிடையாது. அவர் பக்கை எடுத்துக்கொண்டு நடப்பார், நான் தலையை மட்டும் திருப்பி, அப்புறம் கால், அப்புறம் நில். தலை, கால், நில். பணம் கொடுத்து இதைச் செய்கிறேனா என்று கோபம் வந்தது. ஆனால் நீங்கள் சொல்கிற ‘விழலாமா நிற்கலாமா’ எனக்கும் இருந்தது, அது மனக் குழப்பம் என்று நினைத்தேன், இல்லை, நான் நிற்க வேண்டிய இடத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். கால் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஷாட் வந்தால் உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி விழுவதுதான், புதுப் பாடமோ விழ வேண்டாம் என்கிறது, அங்கேதான் அந்த ஒரு கணம் தொலைகிறது. வீடியோவில் ஐந்து கோலையும் மெதுவாக ஓட்டி, பந்து கிளம்பும் நொடியில் உங்கள் இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய முறைக்குத் திரும்புவது என் ஓட்டு இல்லை. அது இருந்த இடத்தில் இப்போது இருக்காது. நான் ஒரு போட்டிக்காகத் திரும்பிப் போய்ப் பார்த்தவன், அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது, ஏழு கோல் வாங்கினேன்.

சும்மா வந்தவன்:

செக் நாட்டு கோல்கீப்பர் டொமினிக் ஹாசெக் ஐஸில் புரண்டு புரண்டுதான் ஆறு வெசினா வாங்கினார், 98 நாகானோவில் ஒலிம்பிக் தங்கமும். டெக்னிக் டெக்னிக் என்று ஏன் சாகிறீர்கள், விழுந்து தடுத்தாலும் தடுத்ததுதான்.

மன்னை டு மிசிசாகா:

ஹாசெக்கின் உடம்பு நம்மிடம் இருந்தால் நானும் புரள்வேன் மாப்ள. அவர் புரண்டது எல்லாருக்கும் தெரிகிறது, புரளும்போதும் பக்கிலிருந்து கண்ணை எடுக்காதது யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் விளையாட்டிலேயே பாருங்கள், இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் 36 வயதில் பாரிஸ் 2024 ஒலிம்பிக் காலிறுதியில், பிரிட்டனோடு ஷூட்அவுட் (சமனில் முடிந்தபின், எதிராளி ஒருவர் பந்தோடு தனியாகக் கோல்கீப்பரை நோக்கி வருவது). வருகிறவருக்கு எட்டு நொடிதான் என்று கோல்கீப்பருக்குத் தெரியும், காத்திருக்கக் காத்திருக்க நேரம் அவர் பக்கம். சீக்கிரம் விழுந்தால் அந்த எட்டு நொடியை எதிராளிக்கு நாமே தானம் செய்கிறோம்.

கும்பகோணம் ஃபிசியோ:

டெக்னிக் பற்றி எனக்குத் தெரியாது, காலைப் பற்றிப் பேசலாம் அண்ணா. இவ்வளவு நாள் சரிந்து விழுந்தவர் நின்றபடியே காலை அகட்டி நீட்டித் தடுக்க ஆரம்பித்தால் சுமை நேராக உள்தொடைத் தசைக்குப் போகும். 44 வயதில் அது ஒருமுறை இழுத்தால் வாரக்கணக்கில் உட்கார வேண்டியதுதான், போட்டியே போய்விடும்.

கோப்பன்ஹேகன் அடக்டர் என்று ஒரு பயிற்சி உண்டு, பக்கவாட்டில் படுத்து மேல்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, கீழ்க்காலையும் இடுப்பையும் தூக்கி இறக்குவது. நார்வேயில் கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வில் இந்த ஒரே பயிற்சி தொடை இடுக்குப் பிரச்சினைகளை 41 சதவீதம் குறைத்தது. ஆனால் நீங்கள் இன்றைக்கே கணுக்காலைப் பிடிக்கச் சொல்லித் தொடங்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே பிடித்தால் சுமை பாதியாகத் தெரியும், பக்கத்துக்கு ஐந்து முறை போதும், மறுநாள் உட்கார்ந்து எழவே சிரமமாக இருக்கும். போட்டிக்கு முந்தைய நாட்களில் வேண்டாம். வெடித்த களிமண்ணில் ஸ்ப்ளிட் (காலை அகட்டி நீட்டுவது) பழகவே வேண்டாம், அதை டர்ஃப் கிடைக்கிற நாளுக்கு வையுங்கள்.

இடது முழங்கால் முதலில் மடங்குகிறது என்றீர்களே, அது பழக்கமா அல்லது அந்தக் காலில் பழைய அடி ஏதாவது உண்டா? யாரிடமாவது காட்டினீர்களா?

வடவாறு (தஞ்சாவூர்):

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஃபிசியோ தங்கைக்கு: 2009-ல் அதே முழங்காலில் ஒரு அடி, பந்து பேட் பட்டைக்கு நடுவே புகுந்தது. அப்போது கட்டுப்போட்டு விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டபின்தான் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை காட்டப் போகிறேன்.

வீடியோவைப் பார்த்தேன். ஐந்தில் நான்கில் என் வலது கால் காற்றில் இருக்கிறது. பொன்மலை அண்ணன் சொன்னதும் உண்மை, மீதி ஒன்றில் நான் சரியாகத்தான் நின்றிருக்கிறேன், போஸ்ட்டில் நின்ற எங்கள் ஆள் நான் படுப்பேன் என்று நம்பி அந்தப்பக்கம் போய்விட்டார். அவரிடம் சொன்னேன், “ஆறு மாசமா சொல்லலையே நீ” என்று ஒரு டீக்கு என்னைச் செலவழிக்க வைத்தார்.

கடைசியில் கோச்சிடமே கேட்டுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இந்த மூன்று வாரமும், முன்னே வருவது, கை வைப்பது எதையும் நினைக்காதீர்கள் சார், ஷாட் கிளம்பும்போது இரண்டு காலும் தரையில் இருக்கட்டும், அப்புறம் விழுங்கள் நில்லுங்கள் உங்கள் இஷ்டம் என்றார். கார்னரில் மட்டும் படுக்கக் கூடாதாம், அதற்குப் பேரமே இல்லையாம். நேற்று சாயங்காலம் நான்கு பேக்குகளையும் வைத்து இருபது கார்னர் எடுத்தோம். இரண்டு தடவை என்னையறியாமல் படுத்துவிட்டேன், இரண்டாவது தடவை எழுந்திருக்கும்போது கோச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு உதவி. என் வலது கிக்கரின் (ஷூவுக்கு மேல் கட்டுகிற காப்பு) அடிப்பட்டை அறுந்துவிட்டது, தஞ்சாவூரில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் நைலான் பட்டை இல்லை என்கிறார். திருச்சியில் எங்கே மாற்றலாம் என்று யாருக்காவது தெரியுமா?