‘சாய்வு’க்குப் பதில் ‘வாட்டம்’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு புள்ளிகளைக் கொடுத்து நேர்க்கோட்டின் சமன்பாடு காணும் பாடத்தில் வரும் ‘சாய்வு’ (slope) பற்றி எழுதுகிறேன். சாய்வு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் பாகையில் பதில் சொல்கிறார்கள். அது அவர்கள் தவறில்லை. சாய்வு நாற்காலி, சாய்ந்த மரம் என்று அந்தச் சொல் கோணத்தைத்தான் மனதில் காட்டுகிறது. நமக்கு வேண்டியதோ விகிதம்: கிடையாக இவ்வளவு போனால் செங்குத்தாக எவ்வளவு மாறும்?

இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் ‘படித்திறன்’ என்று பெயர். ‘படி’ அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டு இயற்பியலில் ‘திறன்’ வாட்டில் அளக்கும் வேறொன்றாயிற்றே.

போன மாதம் எங்கள் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தார்கள். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்த்துவிட்டு, “அடிக்குக் கால் இஞ்சு வாட்டம் வச்சிருக்கேன்” என்றார். நமக்கு வேண்டிய சொல் இதுதான் என்று அங்கேயே தோன்றிவிட்டது. அவர் பாகையைப் பேசவே இல்லை, விகிதத்தைச் சொன்னார்.

அதே தளத்தைக் கணக்காக்குவோம். சுவரிலிருந்து 4 அடியில் தளத்தின் உயரம் 9 அங்குலம், 12 அடியில் 7 அங்குலம். தூரம் 8 கூடும்போது உயரம் 2 குறைகிறது; ஆக, வாட்டம் −2/8, அதாவது −1/4. முதல் புள்ளியிலிருந்து சுவர்வரை 4 அடி பின்னால் வந்தால் 1 அங்குலம் ஏறும். சுவரடியில் உயரம் 10. தூரத்தைத் ‘தூ’ என்றும் உயரத்தை ‘உ’ என்றும் வைத்தால் உ = 10 − தூ/4. இரண்டாம் புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: 10 − 3 = 7. சரி.

‘வாட்டமான முகம்’ என்று வாடுவதையும் குறிக்குமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மூலம் என்பது நட்சத்திரம், நோய் இரண்டுக்கும் பெயர். ஆனாலும் சமன்பாட்டின் மூலம் (root) என்றால் யாரும் குழம்புவதில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. வாட்டம் என்றாலே நீர் இறங்கும் பக்கம்தான். ஏறும் கோட்டுக்கு ‘நேர் வாட்டம்’ (கூட்டல் குறியுள்ள வாட்டம்) என்று சொன்னால் முதலில் காதுக்கு இடறும். இருந்தாலும் அடையாளக் குறியோடு பழகினால் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். கோணத்துக்குச் ‘சாய்வுக் கோணம்’ இருக்கவே இருக்கிறது. சாய்வை அதற்கே விட்டுவிடலாம்.

அப்புறம், ‘வெட்டுத்துண்டு’. கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தின் அளவு (intercept); மேலே வந்த அந்த 10 தான் அது. வேறு கோடுகளில் அது −3 என்றும் வரும்; துண்டு எப்படி எதிரெண் ஆகும்? சுவரடியில் தொடங்கும் அந்த உயரத்துக்குக் கொத்தனார்களோ தச்சர்களோ ஒரு சொல் வைத்திருந்து நீங்கள் கேட்டிருந்தால், எந்த ஊர் வழக்கு என்பதோடு எழுதுங்கள்.