வேனில் ஃபேன் போட்டால் ஃப்ரிட்ஜ் நிற்கிறது: பேட்டரியா, வயரா?

மன்னை வேன்காரன்:
பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்பக்கம் இரண்டு படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய 100 ஏஎச் டியூபுலர் பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து வயர் இழுத்து, படுக்கைப் பக்கம் சிகரெட் லைட்டர் சாக்கெட் வைத்து 12 வோல்ட் கார் ஃப்ரிட்ஜ் ஓட்டுகிறேன். அம்மாவின் இன்சுலின் அதில்தான்.

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போனோம். இரவு கொசுவும் புழுக்கமும் தாங்கவில்லை. அதே வயரில் ஒட்டுப்போட்டு 12 வோல்ட் ஃபேன் ஒன்றை மாட்டினேன். அதிலிருந்து தொல்லை. ஃபேன் ஓடினால் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறது. ஃபேனை நிறுத்தினால் ஒழுங்காக ஓடுகிறது. வண்டி ஓடும்போது இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. கடைக்காரர் பேட்டரி போய்விட்டது, மாற்று என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

குடந்தை:
வோல்டேஜ் எவ்வளவு இறங்கினால் ஃப்ரிட்ஜ் தானாக நிற்க வேண்டும் என்பதற்கு அதில் எச், எம், எல் என்று பேட்டரி செட்டிங் இருக்கும். எல்லில் வையுங்கள், நிற்காது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பாபநாசம் வைண்டிங்:
எல்லில் வைத்தால் நிற்காதுதான், ஆனால் பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சிவிடும். தம்பி, முதலில் அளந்து பாருங்கள். ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலில் ஒரு தடவை, சாக்கெட்டில் ஒரு தடவை வையுங்கள். எதுவும் ஓடாதபோது அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். வயர் என்ன சைஸ், எத்தனை மீட்டர்?

மன்னை வேன்காரன்:
அளந்தேன் அண்ணா. பேட்டரியில் 12.2, சாக்கெட்டில் 10.8. வயர் 1 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர்), 5 மீட்டர். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது.

பாபநாசம் வைண்டிங்:
பேட்டரி மேல் குற்றமில்லை. 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது.

கணக்கு இதுதான். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர். 1 ஸ்கொயர் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம் என்றால் 0.18 ஓம். ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப், ஃபேன் 2 ஆம்ப், சேர்த்து 7. பெருக்கினால் 1.26 வோல்ட். மிச்சத்தை அந்தச் சூடான பிளக் தின்கிறது. எச் செட்டிங்கில் இந்த மாதிரி ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலும் 11.1 பக்கத்தில் கட்-ஆஃப் ஆகும். கம்ப்ரசர் நின்றதும் வோல்டேஜ் ஏறும், திரும்ப ஓடும், திரும்ப இறங்கும். ஃபேன் இல்லாமல் ஓடியதே விளிம்பில்தான். வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றி சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் வரை கொடுக்கிறது, அதனால் தெரியவில்லை.

வீட்டு 230 வோல்ட் லைனில் 1.4 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

ஃப்ரிட்ஜுக்குத் தனியாக 4 ஸ்கொயர் வயர் இழுங்கள். சிகரெட் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, திருகிப் பூட்டும் கனெக்டர் போடுங்கள். ஃபேனுக்கு வேறு வயர். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும், ஃபியூஸ் எங்கே இருக்கிறது?

மன்னை வேன்காரன்:
ஃபியூஸ் போடவில்லை அண்ணா. 12 வோல்ட்தானே என்று…

பாபநாசம் வைண்டிங்:
12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் கொளுத்திவிடும். ஷார்ட் ஆனால் அந்தப் பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்ப் தள்ளும். 1 ஸ்கொயர் வயர் பழுத்து, மேலே இருக்கிற ஃபோம் மெத்தை பற்றிக்கொள்ளும். இன்றைக்கே பாசிட்டிவ் வயரைக் கழற்றிப் போடுங்கள். புது வயருக்கு 15 ஆம்ப், ஃபேனுக்கு 5 ஆம்ப். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போட்டால் வழியில் இருக்கிற வயருக்குக் காவல் இல்லை.

நாகை உப்புக்காற்று:
டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். ஆள் படுக்கிற வண்டிக்குள் அதைத் திறந்து வைக்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் வைத்து, மேல்பக்கத்திலிருந்து ஒரு குழாயை வெளியே விடுங்கள். கடற்கரைக்குப் போகிற வண்டி என்றால் வெள்ளீயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) வாங்கி, பூட்டியபின் வாசலின் தடவுங்கள். எங்கள் ஊரில் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

இன்சுலினை ஃப்ரிட்ஜ் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். உறைந்துபோனால் தூக்கித்தான் போட வேண்டும்.

மன்னை வேன்காரன்:
முடித்துவிட்டேன். 4 ஸ்கொயர், இரண்டு ஃபியூஸ், பெட்டி, குழாய், எல்லாம் ஆயிற்று. இரண்டும் ஓடும்போது பேட்டரியில் 12.2, ஃப்ரிட்ஜில் 11.9. செட்டிங் எச்சிலேயே இருக்கிறது. நேற்று இரவு முழுக்க வாசலில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஃபேன்தான் இப்போது முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது, அம்மா குளிருகிறது என்கிறார். வீட்டில் பழைய ஃபேன் ரெகுலேட்டர் கிடக்கிறது, அதை மாட்டலாமா?

பாபநாசம் வைண்டிங்:
வேண்டாம். அது ஏசிக்கு உள்ளது, டிசியில் வேலை செய்யாது. 12 வோல்ட் பிடபிள்யூஎம் ஸ்பீட் கண்ட்ரோலர் என்று கேளுங்கள். 5 ஆம்ப் போதும்.