பெரியப்பாவின் பட்டாளக் கதைகளைப் பதிகிறேன், நீங்களும் தொடங்குங்கள்

அன்பான ஒட்டுசுட்டான் உறவுகளுக்கு வணக்கம்.

என் பெரியப்பா 1957 இல் சிலோன் ஆமியில் சேர்ந்தவர். இப்போது ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். அவருடைய பட்டாள நினைவுகளை ஃபோனில் பதிந்து வருகிறேன். ஆமி என்றால் பிற்காலத்தில் வந்த போர் மட்டும்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியப்பா சேர்ந்தபோது தளபதியாக இருந்தவரே ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையரும் அவர்தான்.

பெரியப்பாவின் ஆமிக் கடதாசிகள், படங்கள் எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. இனி அவர் வாயால் சொல்வதுதான் சான்று. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

"அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்று நிறுத்திவிடுவார். தியத்தலாவை ஆமிப் பயிற்சி முகாமில் விடிய எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், சப்பாத்துக்கு என்ன பூசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு ஓயாது. மன்னார்க் கரைக் காவல் கதை அப்படித்தான் வந்தது. இந்தியாவிலிருந்து தோணியில் வருபவர்களைப் பிடிக்க 1952 இலிருந்தே வடபகுதிக் கரைகளில் ஆமியை நிறுத்தியிருந்தார்கள். பிடிபட்டவர்களோடு கதைக்கப் பெரியப்பாவைத்தான் கூப்பிடுவார்களாம். ஒரு வயதான அம்மா, "தம்பி, நீயும் தமிழ்ப் பிள்ளைதானே" என்று கேட்டாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். "ஒண்டும் சொல்லேல்லை. தண்ணி குடுத்தனான்."

தமிழ் மொழி உரிமைக்காக யாழ்ப்பாணக் கச்சேரியடியில் (அரச செயலகத்தின் முன்) நடந்த சத்தியாக்கிரகத்தை 1961 ஏப்ரலில் அரசாங்கம் ஆமியை விட்டுக் கலைத்ததைப் பற்றிக் கேட்டால், "பிறகு பாப்பம்" என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. சீருடையில் இருந்த தமிழருக்கு அது என்ன பாடு என்பதை அவராகவே சொல்லட்டும்.

பதிவதை வெட்டாமல் வையுங்கள், தேதியும் சொல்பவரின் முழுப்பெயரும் சேருங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். யார் கேட்கலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். கடைசிப் போரில் நின்றவர்களின் கதைகளைப் பெயரோடு இங்கே போட வேண்டாம், ஊரில் அவர்களுடைய சொந்தங்கள் இருக்கிறார்கள்.

பெரியப்பா இடையிடையே சிங்களத்தில் பேசுகிறார். அதை எழுத்தில் எடுக்கச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் தேவை. லண்டன், சிட்னி, எங்கிருந்தாலும் சரி, எனக்குத் தனிமடல் போடுங்கள்.