திருகோணமலை றொக் பாட்டைக் கொழும்பு வானொலிகளுக்கு அனுப்ப முந்தி என்ன செய்யோணும்?

உப்புவெளி_பேஸ்:
எங்கட பாண்ட் பாட்டொண்டு திருகோணமலையில நல்லா எடுபட்டிருக்கு. சூரியன், சக்தி, தென்றல் எல்லாத்துக்கும் அனுப்பப் போறம். நீளம் 5 நிமிசம் 10 செக்கன், முதல் 50 செக்கன் கிற்றார் மட்டும். பெரிய ஸ்பீக்கரில திறம். போனில கிற்றார் மெலிஞ்சு போகுது, சொல்லும் விளங்குதில்ல. உரிமைப் பதிவு ஏதும் வேணுமா?

நிலாவெளி_சவுண்ட்:
தம்பி, ஒரே டேக்கை (ஒருக்கா வாசிச்சுப் பதிஞ்சதை) கொப்பி பண்ணி 10–20 மில்லிசெக்கன் தள்ளி, இடம் வலமா விரிச்சிருந்தா இப்பிடித்தான் ஆகும். மோனோவில, அதாவது இடமும் வலமும் ஒரே ஒலியாச் சேரேக்க, சில அதிர்வெண்கள் ஒண்டையொண்டு அழிச்சுப்போடும். அந்த ரிதத்தை இன்னொருக்கா வாசிச்சுப் பதியுங்கோ. ஒரு டேக் முழுக்க இடது, மற்றது முழுக்க வலது, ரெண்டிலயும் கெயின் (கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கிற அளவு) கொஞ்சம் குறைவா. பிறகு மாஸ்டரை (முடிவான ஒலிப்பதிவை) மோனோவாக்கிக் கேளுங்கோ.

சொல் விளங்காததுக்குக் காரணம் 2–4 கிலோஹேர்ட்ஸ். க, ச, ட எல்லாம் கூர்மையாக் கேக்கிற இடம் அது. கிற்றாரின்ட டிஸ்டோர்ஷனும் (கரகரப்பும்) அங்கதான் குவியும். குரலைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, கிற்றாரில 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் 2–3 டெசிபெல் குறையுங்கோ. 90 ஹேர்ட்ஸுக்குக் கீழயும் கிற்றாரை வெட்டினா பேஸுக்கு இடம் கிடைக்கும்.

கோட்டை_வீதி:
வானொலிக்குத் தனி எடிட் கட்டாயம். மூண்டரை நிமிசத்துக்குள்ள, 15 செக்கனுக்குள்ள குரல் வந்திட வேணும். மாஸ்டரைச் சத்தத்துக்காக நசிக்காதேங்கோ. ஒலிபரப்புச் சங்கிலியிலயே சத்தத்தின்ட ஏற்ற இறக்கத்தை நசிக்கிற கம்ப்ரசர், லிமிட்டர் இருக்கு. நசிச்சதைத் திரும்ப நசிச்சா ஸ்னேர் ட்ரம் அடி செத்துப்போகும். ஸ்டீரியோ எஃப்எம் 15 கிலோஹேர்ட்ஸ் வரைதான் கொண்டு போகும், அதுக்கு மேல கூட்டுறது வீண். ஸ்பொட்டிஃபை சத்தத்தை -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்கிற சத்தத்தின்ட அலகு) அளவுக்குச் சமப்படுத்தும். உச்சம் -1 டெசிபெல் தாண்டாமப் பாருங்கோ. அனுப்பேக்க 24 பிட் வேவ், கூடவே 320 கேபிபிஎஸ் எம்பி3. ஃபைல் பேரிலயே பாண்ட், பாட்டு, நீளம், போன் நம்பர் இருக்கட்டும்.

மூதூர்_கீபோர்ட்:
உரிமைக்குப் பதிவு தேவையில்ல. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டு உருவானவுடனேயே பதிப்புரிமை வந்திடும். ஆனா வரி ஆர், மெட்டு ஆர், பங்கு எவ்வளவு எண்டு எழுதி எல்லாரும் கையொப்பம் வையுங்கோ. பாட்டு ஓடத் தொடங்கினாப் பிறகு இந்தக் கதையை எடுத்தா பாண்டே உடையும். ஐஎஸ்ஆர்சி எண்டது ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டிற 12 எழுத்துக் குறியீடு, பாட்டை இணையத்தில விநியோகிக்கிற சேவையே தரும். குறுக்கின எடிட்டுக்கு வேற எண் எடுங்கோ. ஸ்பொட்டிஃபையில வெளியீட்டுக்கு 7 நாளுக்கு முந்தியாவது பிளேலிஸ்ட் விண்ணப்பம் போடோணும். வானொலியில போற அண்டைக்கே பாட்டு இணையத்திலயும் இருக்க வேணும், தேடிற ஆள் ரெண்டாந்தரம் தேடாது.

உப்புவெளி_பேஸ்:
நன்றி அண்ணாமார். 50 செக்கன் இன்ட்ரோவை எங்க வெட்டுறது? டெம்போ 120.

நிலாவெளி_சவுண்ட்:
கடைசி 4 பாரை (தாளச் சுற்றை) மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ, சுற்றுக்கு 4 அடி, அதாவது 4/4 எண்டா சரியா 8 செக்கன். மிக்ஸ் பண்ணின ஃபைலை வெட்டினா முன் பாரின்ட சிம்பல் தட்டின்ட நீளுற ஒலி அரையில தொங்கும். தனித்தனி ட்ராக்குகளில வெட்டித் திரும்ப மிக்ஸ் எடுங்கோ.